பாத்தி எண் இருபத்தொன்பது

ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கின.
ஈரத்தாள் சுற்றிய வேர்கள்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு வெள்ளை அட்டை.
பணகுடிக்குக் கிழக்கே, காற்றாலைகளின் காலடியில்
முப்பத்தாறு பாத்தி வெட்டியிருந்தோம்
நானும் ஜெபக்கனியும்.

முதல் இருபது நாள் தண்ணீர்.
அப்புறம் வானம் பார்த்துக்கொள்ளும்.
உரமில்லை, நிழல்வலை இல்லை.
இங்கே பிழைப்பதுதான்
வீட்டு வாசல்களுக்கு விற்பனைக்குப் போகும்.
மாதக் கடைசியில் பூஜ்யம் முதல் ஐந்து வரை
மதிப்பெண் போடுவது என் வேலை.

பங்குனியில் பெட்டூனியா போனது.
போனது என்றால்,
காலையில் இருந்தது,
சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால்
டீத்தூள்.

"ஏட்டி, செடி சாவதுக்குச் சம்பளம் வாங்குதது
நாம ரெண்டு பேருதான்" என்றாள் ஜெபக்கனி.
அவள் குடித்து மிஞ்சிய தண்ணீரைப்
பன்னிரண்டாம் பாத்தியில் ஊற்றியதைப் பார்த்தேன்.
பார்த்ததை எழுதினேன்:
பாத்தி 12. சோதனையிலிருந்து நீக்கம்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனியில் கணவாய் திறந்துகொண்டது.
மேல்காற்று செம்மண்ணை அள்ளி அள்ளி
இலைகளை உப்புத்தாள் போலத் தேய்த்தது.
மிஞ்சிய செடிகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து நின்றன,
ராதாபுரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.
படிவத்தில் ஒரு கேள்வி:
'பூவின் முகம் எந்தத் திசை?'
காற்று சொல்லும் திசை, என்று எழுதினேன்.

ஆடியில் இருபத்தொன்பதுக்குப் பூஜ்யம் போட்டேன்.
தண்டை ஒடித்துப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை.
'இறந்தது.' கீழே என் கையெழுத்து.

ஐப்பசி வந்தது, மழை வரவில்லை.
கார்த்திகையில் சத்தம் மட்டும்.
ஆகவே அறிக்கை சுலபமாக இருந்தது:
வறண்ட நிலம். தாங்கியவை நான்கு.
அடீனியம், பத்துமணிப்பூ,
காகிதப்பூவில் இரண்டு நிறம்.
கூரியரில் போட்ட நாலாம் நாள் ராத்திரி
ஒரு வருசத்து மழை
வந்து கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தது.

தண்ணீர் வடிந்து கேட்டைத் திறந்தபோது
பாத்தி என்று எதுவும் இல்லை.
அடீனியத்தின் பருத்த அடி
அமுக்கினால் விரல் இறங்கியது.
பத்துமணிப்பூ எங்கே போனது என்று
நம்பியாற்றைத்தான் கேட்க வேண்டும்.
முள்வேலியில் ஒரே ஓர் அட்டை சிக்கியிருந்தது,
எழுத்து கரைந்து.

உத்தேசமாக இருபத்தொன்பது இருந்த இடத்தில்
இரண்டு விரல் உயரத்தில்
சாம்பல் மயிர் படர்ந்த இலைகளோடு
ஒன்று நின்றுகொண்டிருந்தது.

நான் கொன்று எழுதியதுதானா,
வேறு பாத்தியிலிருந்து மிதந்து வந்ததா,
ஓசூரையே பார்த்திராத ஏதோ ஒரு களையா?

மஞ்சுநாத் சார் போனில் அவசரப்பட்டார்.
"என்ன வகைன்னு சொல்லுங்க, விதை பெருக்கணும்."
பூக்கட்டும் சார்.
"தோராயமா ஒரு பேர் போடுங்களேன்."
தோராயமாகத்தான் சார் ஆடியில் போட்டேன்.

தை மூன்றாம் வாரம் மொட்டு விட்டது.
நுனியில் ஊதாவா சிவப்பா என்று
ஒரு நாள் முழுக்க வாதாடினோம்.
மறுநாள் காலை மொட்டு இல்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
ஒரு வெள்ளாடு
எங்களையே பார்த்து அசைபோட்டது.
ஜெபக்கனி சிரித்த சிரிப்பில்
காற்றாலை நின்றிருக்கும்.

படிவத்தில் ஆட்டுக்குக் கட்டம் இல்லை.
ஸ்கேல் வைத்து ஒன்று போட்டேன்.

இப்போது மாசி. இரண்டாவது மொட்டு.
மண் மறுபடி வெடிக்கத் தொடங்கிவிட்டது.
ஆளுக்கு அரைநாள் காவல்.
அதோ, குடத்தோடு அவள் வருகிறாள்,
குடிக்கிறாள், மிச்சம் வைக்கிறாள்.

நான் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.